கை பட்ட எலும்பு

"…வையிறதெல்லாம் பொறகு வையி, இப்பக் காலை நீட்டு. ஒடச்சவனுக்குத் தெரியாதா, எந்த எடத்துல ஒடஞ்சிருக்குன்னு?"

இதைச் சொன்ன மனிதரின் முதுகில் அந்த நேரம் அடி விழுந்துகொண்டிருந்தது. இடம் புதுக்கோட்டை டவுனில், சுற்றிலும் கயிறு கட்டிய ஒரு மைதானம். கால்பந்துக் கோப்பைக்கான கடைசி ஆட்டம் முடிந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தவன் தங்கராசு, டவுன் டீமின் சென்டர் பார்வர்டு. அவன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தவர் எங்கள் ஊர் டீமின் பேக், கோலுக்கு முன்னால் நின்று மறிக்கிறவர். நான் எங்கள் டீமின் கோல் கீப்பர். இருபதடி தள்ளி நின்றேன். ஓடிப்போய் ஒரு அடியாவது நான் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அவருக்கு விழுந்த அடியில் பாதி எனக்குச் சேர வேண்டியது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் பேரை எழுதப் போவதில்லை. அன்னவாசல் பக்கம் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோதே அவர் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கட்டுக்காரர் என்றால் எங்கள் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருத்தர்தான். எலும்பு ஒடிந்தால் கட்டுப் போடுகிறவர். உளுத்தமாவு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, பழைய வேட்டிக் கிழிசல். அவருடைய ஆஸ்பத்திரி அவ்வளவுதான். மாட்டுக்கொட்டகையில் ஒரு பக்கம் மாடு நிற்கும், மறுபக்கம் கால் ஒடிந்தவன் படுத்திருப்பான். "ரெண்டும் கத்தும். மாடு காரணத்தோட கத்தும்" என்பார்.

கட்டுக்காரருக்கு இன்னொரு கை உண்டு. அடிக்கிற கை. கோபம் வந்தால் அந்தக் கைக்கு ஆள் அடையாளம் தெரியாது. சந்தையில், கோயில் வாசலில், கல்யாணப் பந்தியில் எல்லாம் அடித்திருக்கிறார். அடித்த கையோடு உட்கார்ந்து கட்டும் போடுவார். எங்கள் ஊரில் இதைத் திங்கக்கிழமை வைத்தியம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டத்தில் எவன் காலையாவது ஒடித்திருப்பார். திங்கட்கிழமை விடிந்ததும் உளுத்தமாவுக் கிண்ணத்தோடு அவன் வீட்டு வாசலில் நிற்பார். அவன் பெண்டாட்டி மண்ணை வாரித் தூற்றுவாள். "தூத்து ஆத்தா, நல்லாத் தூத்து. முட்டை ரெண்டு இருந்தாக் கொண்டாந்துட்டுத் தூத்து" என்பார்.

என் சுண்டுவிரலை ஒடித்தவரும் அவர்தான். கண்மாய் வற்றிக் கிடக்கும் மாதங்களில் அதன் நடுவில்தான் எங்களுக்குப் பயிற்சி. அவர் உதைத்த பந்தைப் பிடிக்கப் போனேன். விரல் பின்பக்கமாக மடங்கிவிட்டது. பார்த்துவிட்டு, "பந்தத்தானே புடிக்கச் சொன்னேன், வெரல யாரு குடுக்கச் சொன்னா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே இழுத்து நேராக்கியும்விட்டார். கத்த வேண்டும் என்பதே எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அந்த விரலைக் காட்டப் போன ஒரு காலையில்தான் நான் வேறொன்றையும் பார்த்தேன். பக்கத்து ஊரிலிருந்து ஒருத்தன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவள் மணிக்கட்டு வீங்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

"எப்புடி ஆத்தா ஒடஞ்சுது?"

"கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டேங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் தடவிப் பார்த்தார். பொறுமையாகக் கட்டை முடித்தார். கையைக் கழுவினார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு புருஷனைப் பார்த்து, "இங்கிட்டு வா மாப்ளே, ஒரு கை குடு" என்றார். எழுந்திருக்க உதவி கேட்கிறார் என்று அவன் கையை நீட்டினான். ஒரே முறுக்கு. சத்தம் மாட்டுக்கொட்டகையைத் தாண்டிக் கேட்டது.

"கெணத்தடியில விழுந்தா எலும்பு குறுக்க ஒடையும். முறுக்குனாத்தான் இப்புடித் திருகி ஒடையும். அந்தப் புள்ள கையி எங்கிட்டச் சொல்லிருச்சு" என்றார். "கத்தாத. ஒனக்கும் இப்பவே கட்டிர்றேன். ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல அவுத்துரலாம்."

கட்டினார். அவளுக்குக் கட்டிய அதே பதத்தில், அதே அக்கறையில்.

கட்டு அவிழ்க்கும் நாளில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒடிந்தது கையானால் கை, காலானால் கால், அதைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொள்வார். இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்து, "இது இனிமே என் எலும்பு. என் கை பட்ட எடத்துல என் கோவம் படாது" என்பார். அதைச் சொன்ன பிறகுதான் எழுந்து நடக்க விடுவார். இது சும்மா வாய் வார்த்தை இல்லை. அவருடைய கோபத்துக்கு இந்தப் பூமியில் இருந்த ஒரே வேலி அதுதான். அதை நம்பித்தான் அவரிடம் அடி வாங்கியவனும் அவரிடமே காலை நீட்டினான். அந்தச் சத்தியம் போனால், ஒடிக்கிறவனிடம் எவன் போய் உடம்பைக் கொடுப்பான்?

மணிக்கட்டு ஒடிந்த அந்தப் புருஷன் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டான். ஆறு மாதம் கழித்து டீக்கடையில் கட்டுக்காரரை வம்புக்கு இழுத்தான். அவர் எழுந்ததும் அந்தக் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "எங்க, அடிங்க பாப்போம். இது ஒங்க எலும்பாச்சே" என்றான். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். "கன்னம் நான் கட்டலயே மாப்ளே" என்று ஓர் அறை விட்டார். பல் ஒன்று பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தது. அதைத் தேடி எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

தங்கராசுக்கு வருகிறேன்.

தங்கராசு டவுனில் ஓர் ஆபீஸில் கிளார்க். காலில் பூட்ஸ், தலையில் எண்ணெய், ஓட ஆரம்பித்தால் மானைப் போல ஓடுவான். கோப்பை ஆட்டத்துக்கு முந்தின வருஷம் எங்கள் கண்மாய்க்கு விளையாட வந்திருந்தான். அவனுடைய இடது முழங்காலுக்குக் கீழே ஒடித்துவிட்டார் நம்ம ஆள். திங்கட்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. அன்றைக்கே மாட்டுக்கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டுக் கட்டினார். நாற்பது நாளுக்கு மேல் அங்கேயே வைத்துக்கொண்டார். ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுப்பார். பொழுது போக இருவரும் தாயம் ஆடுவார்கள். தோற்றால் தங்கராசு, "ஒத்தக்கால்காரன ஏமாத்துறீங்கண்ணே" என்பான். "ரெண்டு காலும் இருந்தப்ப மட்டும் ஜெயிச்சியாக்கும்" என்பார் இவர். அந்தக் கால் ஒட்டிய அழகைப் போல ஒன்றை அவர் அதற்குமுன் செய்ததில்லை. பிறகு டவுனில் ஆட்டம் நடந்தால் எங்கள் பஸ்ஸில் ஏறிப் போய்ப் பார்ப்பார். நான்தான் அந்தப் பஸ்ஸில் கண்டக்டர். திரும்பி வரும்போது பக்கத்துச் சீட்டுக்காரனைப் பிடித்துக்கொள்வார். "பாத்தியா, என் காலு என்னமா ஓடுச்சு!" தங்கராசு என்று சொல்லமாட்டார். என் காலு என்பார்.

அப்புறம் வந்தது அந்தக் கோப்பை. சமஸ்தானம் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஒரு செட்டியார் தன் தகப்பனார் பேரில் வைத்த கோப்பை அது. டவுன் டீம் தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயித்திருந்தது. எங்கள் டீமில் எட்டுப் பேர் கல் உடைக்கிறவர்கள். பூட்ஸ் யாருக்கும் கிடையாது. வெள்ளைப் பனியனை நீலச் சாயத்தில் முக்கி உடுத்தியிருந்தோம். வேர்த்தால் நெஞ்சு கழுத்தெல்லாம் நீலம். எப்படியோ மூன்று ஆட்டம் ஜெயித்துக் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எப்படியோ என்ன, ஒவ்வோர் ஆட்டத்திலும் எதிராளிகளில் இரண்டு பேர் நொண்டிக்கொண்டு போனார்கள். அப்படித்தான் வந்தோம்.

கடைசி ஆட்டம் ஆரம்பித்து ஐந்து நிமிஷத்தில் எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தங்கராசு பந்தைக் கொண்டு வருவான். கட்டுக்காரர் குறுக்கே பாய்வார். அவன் சட்டென்று உடம்பைத் திருப்பி இடது காலை முன்னால் வைப்பான். அவ்வளவுதான், அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொள்வார். அவன் பந்தோடு தாண்டிப் போவான். ஒருமுறை இல்லை, ஏழெட்டு முறை. அவர் தொடைமேல் வைத்துச் செய்த சத்தியத்தை அவன் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வந்தான். அப்படி வந்துதான் முதல் கோல் போட்டான். நான் பாய்ந்தேன், என் விரல் நுனிக்கும் பந்துக்கும் ஒரு சாண் இடைவெளி. மண்ணிலிருந்து தலையைத் தூக்கினால் கூட்டம் சிரிக்கிறது. "யோவ் வைத்தியரே, ஒத்தடம் குடுத்து விடுய்யா!" என்று எவனோ கத்தினான். தங்கராசும் சிரித்தான். அவன் சிரித்திருக்க வேண்டாம்.

இடைவேளையில் எங்கள் காப்டன் குழந்தைவேலு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தான். கல் உடைத்து உடைத்து அவனே ஒரு கல் மாதிரி இருப்பான்.

"அண்ணே, ஒரு தட்டு. ஒரே தட்டு. அவன் போயிட்டா அந்த டீமு ஒண்ணுமில்ல."

"அது என் காலுடா."

"ஒங்க காலா? அப்ப அது எந்தப் பக்கம் கோல் போடுது?"

அவர் எலுமிச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். விதையைத் துப்பினார்.

"எட்டு ஊர்லேருந்து சனம் வந்து நிக்கிது. கல்லு ஒடைக்கிறவனுக்குப் பந்து எதுக்குன்னு வாசல்ல நின்னு கேக்குறானுக. ஒங்க ஒரு ஆளு சத்தியத்துக்கு நாங்க பத்துப் பேரும் மண்ணத் திங்கணுமா?"

"மத்த காலக் காட்டச் சொல்லு, அடிக்கிறேன்."

குழந்தைவேலு அறைந்துவிட்டான். அத்தனை பேர் முன்னால். அவரை அறைந்துவிட்டு முழுசாக வீடு போனவன் கிடையாது. அவர் எழுந்தார். கை மேலே போனது. போன கை அப்படியே நின்றது. "ஒன் தோளு நான் கட்டுனது. தாடை நான் கட்டல. இன்னைக்கு அதையும் சேத்து விட்டுட்டேன், போ" என்றார்.

இரண்டாவது பாதியைப் பந்தாட்டம் என்று சொல்ல முடியாது. இடது ஓரத்தில் ஆடிய எங்கள் லெஃப்ட் அவுட்டுக்கு உதடு கிழிந்தது. அவர்கள் பேக் ஒருத்தனுக்கு மூக்கு உடைந்து ரத்தம் பனியனெல்லாம். ரெஃபரி ஒரு வாத்தியார், பாவம், விசிலைக் கடித்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினார். உதடு கிழிந்தவனே தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். பந்தில் ரத்தம் ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். பிறகு குழந்தைவேலு பந்தோடு உள்ளே போனபோது அவர்கள் கோல் கீப்பர் பூட்ஸ் காலால் அவன் விலாவில் உதைத்தான். பெனால்டி. வேறு ஆள் அடிக்கட்டும் என்றோம். குழந்தைவேலு கேட்கவில்லை. ஒரு கையால் விலாவை அமுக்கிப் பிடித்துக்கொண்டே வந்து உதைத்தான். கோல். இரண்டுக்கு ஒன்று. எங்கள் சனம் கயிற்றைத் தாண்டி ஓடி வர, டவுன்காரர்கள் அவர்களைத் தள்ள, வெளியிலும் அடிதடி ஆரம்பித்துவிட்டது.

இன்னும் ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ. தங்கராசு பந்தை எடுத்துக்கொண்டு தனியாக வந்தான். எங்கள் ஆட்கள் எல்லாரும் மேலே போயிருந்தார்கள். அவனுக்கும் எனக்கும் நடுவில் கட்டுக்காரர் ஒருத்தர்தான். அவர் எதிர்கொண்டு போனார். எதிர்பார்த்தபடியே அவன் திரும்பினான். இடது கால் முன்னால் வந்தது. அவர் ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தை அவர் முதுகில் பார்த்தேன்.

நான் கத்தினேன். "அடிங்கண்ணே! எடது! எடதுகால அடிங்க!"

அவர் குதிகால் இறங்கியது. காய்ந்த முருங்கைக் கொம்பை ஒடித்தால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். பந்து உருண்டு என் கைக்கு வந்துவிட்டது. ரெஃபரி விசில் ஊதினார். ஃபவுலுக்கு ஊதினாரா, ஆட்டம் முடிந்ததற்கு ஊதினாரா என்று இன்றைக்கும் டவுனில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. கேட்கலாமென்றால் ரெஃபரி ஊதிக்கொண்டே ஓடிப்போயிருந்தார்.

கோப்பை அன்றைக்கு எங்களுக்குக் கிடைக்கவில்லை. நாலைந்து வாரம் கழித்துச் சாக்கில் சுற்றி என் பஸ்ஸிலேயே வந்தது. குழந்தைவேலு அதைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான். "அதுல எலும்பா இருக்கு, எங்கிட்டக் கொண்டாந்தே?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதன்பின் அவர் பந்தைத் தொடவில்லை. கண்மாய்க் கரையில் நடந்து போவார். நாங்கள் ஆடிக்கொண்டிருந்தால் திரும்பிப் பார்க்காமல் போவார். நான் கத்தியதைக் கேட்டுத்தான் அடித்தாரா, கத்தாமல் இருந்தாலும் அடித்திருப்பாரா? பல தடவை கேட்க வாயெடுத்திருக்கிறேன். அவர் என் சுண்டுவிரலைப் பார்த்து, "எப்புடி இருக்கு?" என்பார். "நல்லா இருக்குண்ணே" என்று வந்துவிடுவேன்.

தங்கராசு ஒருநாள் என் பஸ்ஸில் ஏறினான். மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. நடையில் ஊனம் ஒன்றும் தெரியவில்லை. ஆட்டத்தை மட்டும் விட்டிருந்தான். திருக்கோகர்ணம் தாண்டியதும் தானாகவே ஆரம்பித்தான்.

"ரெண்டாவது தடவ ஒடஞ்சதுக்கும் அவருதான் கட்டு அவுத்தாரு. நல்லாத்தான் ஒட்டியிருந்துச்சு. முன்ன மாதிரியே சொல்லுவாருன்னு நானே காலத் தூக்கி அவரு தொடை மேல வச்சேன். அவரு அதை மெதுவா எறக்கி வச்சுட்டு, 'எந்திரிச்சுப் போ தம்பி'ன்னாரு. அவ்வளவுதான்."

"வேற ஒண்ணும் சொல்லலயா?"

"சொல்லல. அவரு ஒடச்சப்பகூட எனக்கு அவ்வளவு வலிக்கலங்க" என்றான். அவன் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. அவனும் கவனிக்கவில்லை, நானும் விசில் கொடுக்கவில்லை.

தங்கராசு ஒருவனுக்கு மட்டும் இல்லை. அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவர் யார் எலும்பையும் தொடைமேல் வைத்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. கட்டு அவிழ்ப்பார், போ என்பார். வருகிற கூட்டமும் குறைந்தது. வந்தவர்களும் வேறு வழியில்லாமல் வந்தவர்கள். கட்டும்போது அவர் கையைப் பார்க்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் நான் அவரை நினைத்தால் கண்ணில் வருவது அந்தக் கடைசி நாட்கள் இல்லை. மைதானத்தின் நடுவில் நடந்ததுதான்.

கயிறு கட்டியிருந்த மூங்கில் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு டவுன் கூட்டம் உள்ளே வந்தது. எங்கள் ஆட்கள் எட்டுத் திக்கிலும் ஓடினார்கள். குழந்தைவேலுவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் ஓடவில்லை. தங்கராசுவின் கால் மிதிபடாமல் இருக்க அதன்மேல் கவிழ்ந்து மண்டியிட்டுக்கொண்டார். அடி மழை மாதிரி விழுந்தது. நீலப் பனியன் முதுகில் கிழிந்து தொங்கியது. நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கித் தங்கராசு மேல் சொட்டியது. தங்கராசு அவர் முகத்தில் காறித் துப்பினான். "துரோகிப் பயலே, தொடாதே, தொட்டே கொன்னுருவேன்" என்றான். அதற்குமேல் அவன் வைத வசவு எதுவும் எழுதத் தக்கதில்லை. வலிக்கிற காலை அவரிடமிருந்து இழுத்து இழுத்து மடக்கினான்.

அப்போதுதான் அவர், நான் ஆரம்பத்தில் எழுதிய, காலை நீட்டச் சொல்லும் அந்தப் பேச்சைச் சொன்னார். அதட்டலாக இல்லை. தாயம் ஆடும்போது பேசுவாரே, அந்தக் குரலில். எச்சிலைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. தங்கராசு அழுதுகொண்டே காலை நீட்டினான்.

இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். தங்கராசு போட்ட கூச்சலில் முன்னால் நின்ற சிலர் பின்வாங்கினார்கள். ஒருத்தன் மட்டும் விடவில்லை. மறுபடியும் கம்பை ஓங்கி அவர் தோளில் இறக்கினான். அவர் தலையைத் திருப்பாமலே அந்தக் கம்பைப் பிடித்தார். ஒரு சுண்டில் அவன் கையிலிருந்து பிடுங்கினார். நீளவாக்கில் ஒருமுறை பார்த்தார். முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தார். காலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தார். தன் பனியனைக் கிழித்துச் சுற்றினார். சுற்றியவர் அசைத்துப் பார்த்தார். போதவில்லை.

திரும்பி, தன்னை அடிக்க நின்றவர்களைப் பார்த்து, இன்னொரு கம்புக்காகக் கையை நீட்டினார்.